அம்மாவின் ஐந்து ஃபைல்கள்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அம்மாவுக்கு. அதில் ஐந்து ஃபைல்கள். நீலம் சர்க்கரைக்கு, சிவப்பு இதயத்துக்கு, பச்சை சிறுநீரகத்துக்கு, மஞ்சள் மூட்டு வலிக்கு, வெள்ளை கண்ணுக்கு. ஒவ்வொன்றிலும் ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் கோத்து வைத்திருந்தேன். எந்த டாக்டரைப் பார்க்கப் போகிறோமோ அந்த ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். அந்த ஒழுங்கைப் பார்க்கும்போது எனக்கு ஒரு நிம்மதி. அம்மாவை நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன் என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று நினைத்திருந்தேன்.

ஆறு வருடம் அப்படித்தான் ஓடியது. ஒரு நாள் விடியற்காலை மூன்றே முக்கால் மணிக்கு அம்மா பேசும் சத்தம் கேட்டு விழித்தேன். விளக்கைப் போட்டால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஏதோ கனவு என்றுதான் முதலில் நினைத்தேன். படுக்க வைக்கலாம் என்று தலையணையை இழுத்தபோது கை நனைந்தது. உறை, அதற்குள் பஞ்சு, விரிப்பு எல்லாம் ஈரம். முதுகுப் பக்கம் துணி உடம்போடு ஒட்டியிருந்தது. தொட்டால் நெற்றி சில்லென்று இருந்தது.

குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்தினேன். 41.

70க்குக் கீழே போனாலே சர்க்கரை தாழ்வு. 54க்குக் கீழே போனால் மூளைக்கே சர்க்கரை பற்றாமல் போகத் தொடங்கும், பேச்சு குழறும், ஆள் அடையாளம் தப்பும். அம்மா விழுங்கும் நிலையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாய் வாயாகக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து 63. மறுபடி கொடுத்தேன். 82 வந்ததும், "ஏன்டி அழற?" என்று கேட்டாள். (இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்து, போடவும் தெரிந்திருந்தால் அதைப் போடலாம்.)

82 வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி 58. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்றரை நாள் சொட்டு மருந்தாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு வேளை சர்க்கரைத் தண்ணீரில் சரியாக வேண்டியது ஏன் திரும்பத் திரும்ப இறங்குகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் என் ஐந்து ஃபைல்களும் முதல் முறையாக ஒரே மேஜையில் திறந்து வைக்கப்பட்டன. வார்டில் இருந்த ஓர் இளம் டாக்டர்தான் வைத்தார். பெரிய நிபுணர் இல்லை, பொது மருத்துவத்தில் படித்துக்கொண்டிருந்தவர். "எல்லாத்தையும் கொண்டு வாங்க, மாத்திரை டப்பாவையும் சேர்த்து" என்றார்.

அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டியதை இங்கே என் வார்த்தைகளில் எழுதுகிறேன். இதை எழுதத்தான் இந்தப் பதிவே.

மூன்று மாதத்துக்கு முன்பு அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமானது. மஞ்சள் ஃபைல் டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதினார். மூட்டு வீக்கத்துக்கு எல்லோரும் எழுதுகிற வகைதான். சிவப்பு ஃபைலில் ஏற்கெனவே இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. இன்னொன்று, இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ராமிப்ரில். மூன்றும் தனித்தனியே நல்ல மருந்துகள். ஆனால் வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. நீர் மாத்திரை உடம்பின் நீரையே குறைக்கிறது. ராமிப்ரில், சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. மூன்றும் சேரும்போது, ஏற்கெனவே சர்க்கரையால் தளர்ந்திருந்த சிறுநீரகத்துக்குத் தாங்கவில்லை. பச்சை ஃபைலில் இஜிஎஃப்ஆர் என்று ஓர் எண் இருக்கும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதற்கான கணக்கு. அம்மாவுக்கு அது 46 ஆக இருந்தது. அன்று ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 28.

அடுத்து நீல ஃபைல். அம்மா வருடக்கணக்காகச் சாப்பிட்டு வந்த கிளிபென்கிளமைடு, கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. பழைய மருந்து, பலருக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதன் கழிவுப் பொருள்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் சக்தி உண்டு, அவற்றில் சுமார் பாதி சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் சோர்ந்தால் நேற்றைய மாத்திரையின் வேலை முடியாமலே இன்றைய மாத்திரை வந்து சேரும். போதாக்குறைக்கு, உடம்பு சுரக்கும் இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதிலும் சிறுநீரகத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. ஆக, அதே டோஸ்தான், ஆனால் உடம்பில் அது இரண்டு மடங்குபோல் வேலை செய்துகொண்டிருந்தது. சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கியது அதனால்தான்.

சர்க்கரை இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அதைக் கவனித்து எதையாவது சாப்பிட்டுவிடுவார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். அம்மாவுக்கு அந்தப் படபடப்பே வரவில்லை. சிவப்பு ஃபைலில் பீட்டா பிளாக்கர் என்ற வகையில் ஒரு மாத்திரை இருந்தது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தி இதயத்தைக் காப்பதுதான் அதன் வேலை. அதே காரணத்தால் தாழ்சர்க்கரையின் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. தலையணை நனைந்திருந்ததே, உடம்பிடம் மிச்சமிருந்த ஒரே எச்சரிக்கை அதுதான்.

யோசித்துப் பாருங்கள். முழங்கால் வலியில் தொடங்கி, சிறுநீரகம் வழியாக, சர்க்கரை மாத்திரையில் ஏறி, இதய மாத்திரைக்குப் பின்னால் ஒளிந்து, விடியற்காலையில் மூளையைத் தொட்டிருக்கிறது. நான்கு டாக்டர்களும் அவரவர் ஃபைலுக்குள் எழுதியது சரியானதுதான். ஒருவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஃபைல்களைத் தனித்தனியாக எடுத்துப் போனது நான். இன்னொரு டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம், "வேற மாத்திரையும் சாப்பிடறாங்க" என்று பொதுவாகச் சொல்லி முடித்திருக்கிறேன்.

இந்தச் சங்கடம் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்பது பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது. 2005இல் சிந்தியா பாய்ட் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். 79 வயதுப் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்துகொண்டார்கள். அவருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், எலும்பு மெலிவு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று ஐந்து நோய்கள். ஒவ்வொரு நோய்க்கும் உள்ள வழிகாட்டுதலை அப்படியே பின்பற்றினால் அவர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 12 மருந்துகள், ஒரு நாளைக்கு 19 வேளை டோஸ், அதுவும் ஐந்து வெவ்வேறு நேரங்களில். அதற்கு மேல் உணவுக் கட்டுப்பாடுகள், உடற்பயிற்சிகள், பரிசோதனைகள். இவற்றில் சில ஒன்றோடொன்று மோதவும் செய்யும். ஒரு நோய்க்கு எழுதப்பட்ட வழிகாட்டுதல் அந்த நோய் மட்டுமே உள்ள மனிதரை மனதில் வைத்து எழுதப்படுகிறது. சர்க்கரை உள்ள முதியவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை மட்டும் இருக்கிறது?

அந்தப் பெண்மணி கற்பனை. எங்கள் அம்மாவுக்கு 11 மருந்து, நான் எண்ணிப் பார்த்தேன்.

சரி, சர்க்கரை அளவுக்கு வருவோம். அந்த விடியற்காலைக்கு மூன்று வாரம் முன்புதான் அம்மாவின் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, 6.4 என்று வந்திருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் அந்த எண்ணைத் தம்பிக்கு அனுப்பிச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சராசரிக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. இரவில் 50, பகலில் 250 என்றாலும் சராசரி 150தானே? தவிர, இந்தப் பரிசோதனை இரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கை நம்பித்தான் அந்த எண் நிற்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தசோகை சகஜம். அதற்கு ஊசி போட்டுப் புது அணுக்கள் நிறைய உருவானால் எண் பொய்யாகக் குறையும். இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால் பொய்யாகக் கூடும். அம்மாவுக்கு இரத்தசோகை இருந்தது, ஊசியும் போட்டுக்கொண்டிருந்தோம். பச்சை ஃபைலில் இருந்த அந்தச் செய்தி நீல ஃபைலுக்குப் போய்ச் சேரவே இல்லை.

எண் குறையக் குறைய நல்லது என்ற நம்பிக்கையையும் நான் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கார்டு என்று ஒரு பெரிய ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரையோடு இதய நோயோ அதற்கான அதிக ஆபத்தோ இருந்த 10,251 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்கு ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவரத் தீவிரமாக முயன்றார்கள். மறுபாதிக்கு 7க்கும் 7.9க்கும் இடையே போதும் என்று விட்டார்கள். 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. தீவிரக் குழுவில் 257 பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 203. ஏன் என்பதைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். பிரிட்டனில் 1977இல் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வு இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. நோய் புதிதாகத் தெரிந்த காலத்திலேயே சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அதன் பலன் பல ஆண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்தது. நாற்பது வயதில் சர்க்கரை வந்தவருக்கு, வேறு நோய் இல்லாதவருக்கு, இறுக்கமான கட்டுப்பாடு எதிர்காலத்துக்கான சேமிப்பு. எழுபத்து நான்கு வயதில் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும் ஒருவருக்கு அதே எண் ஆபத்தாகலாம். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் இதைத்தான் சொல்கிறது. பல நாள்பட்ட நோய்கள் உள்ள முதியவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும், உடல்நிலை மிகவும் மோசமாக இருப்பவர்களுக்கு அந்த எண்ணையே நம்பாமல், தாழ்சர்க்கரையும் மிகைச்சர்க்கரையின் தொல்லைகளும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அம்மாவுக்கு வயது 74.

டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் நான் எதிர்பார்க்காத கஷ்டம் வந்தது. அம்மா தூங்க பயந்தாள். படுக்கப் போகும் முன் ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுக்கொண்டாள். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு விழுங்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததை விரிப்பு மாற்றும்போது பார்த்தேன். மூன்று மாத்திரைகள், ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து. கேட்டதற்கு, "மறுபடி புத்தி பேதலிச்சா நீ பயப்படுவியேன்னுதான்" என்றாள். பிடிவாதம் என்று நினைத்து நான் இரண்டு வார்த்தை அதட்டியும் இருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, தாழ்சர்க்கரையை ஒரு முறை கடுமையாக அனுபவித்தவர்களுக்கு வரும் பயம் இது, பரவலாக இருப்பது, சர்க்கரையை வேண்டுமென்றே உயரத்தில் வைத்துக்கொள்ளத் தூண்டுவது.

அந்தப் பயத்தோடு ஒரு குற்ற உணர்ச்சியும் ஒட்டிக்கொண்டிருக்கும். பல வருடமாக நான் பார்த்தது இது. ரிப்போர்ட் வாங்கப் போகும் நாளில் அம்மா பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல இருப்பாள். எண் கூடியிருந்தால், "நான் ஒண்ணும் தப்பா சாப்பிடலியே" என்று டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவாள். மூட்டு வலிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்ட வாரத்தில் சர்க்கரை ஏறியது. சளிக்காய்ச்சலில் ஏறியது. தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் ஏறியது. இது எதற்கும் அவள் பொறுப்பில்லை. ஆனால் "சுகர் கன்ட்ரோல்ல இல்லை" என்ற வாக்கியத்தை, தன் மனக்கட்டுப்பாட்டைப் பற்றிய தீர்ப்பாகத்தான் அவள் கேட்டாள். இரத்த அழுத்தம் கூடினால் யாரும் அப்படிக் கூனிக் குறுகுவதில்லை. சர்க்கரைக்கு மட்டும் ஏன் இந்தப் பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம்?

சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது என்பது தெரிந்த விஷயம். மனச்சோர்வு என்று சொல்ல முடியாத, ஆனால் தினமும் அரிக்கும் ஒரு சலிப்பும் இருக்கிறது. குத்து, எழுது, மாத்திரை, அளவு, மறுபடி குத்து. விடுமுறையே இல்லாத வேலை அது. அதையும் ஒரு மருத்துவப் பிரச்சினையாக எடுத்துக் கேள்வி கேட்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் அமைந்தால் விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்கு அமைந்தார். அந்த இளம் டாக்டர் கை காட்டிய பொது மருத்துவர். ஐந்து ஃபைலையும் முன்னால் வைத்தோம். அவர் எதையும் திறக்கவில்லை. நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "அம்மா, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் என்னால சரி பண்ண முடியும்னா, எதைச் சரி பண்ணணும்?" என்று கேட்டார்.

நான் சர்க்கரை என்பாள் என்று நினைத்தேன். அல்லது முழங்கால்.

"ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போறேன். அது இல்லாம ஒரு நாள் தூங்கணும். தூங்கினா காலைல மாடிக்குப் போயி செடிக்குத் தண்ணி ஊத்த தெம்பு இருக்கும்" என்றாள் அம்மா. அவள் மாடிக்குப் போகாமல் எட்டு மாதம் ஆகியிருந்தது. முழங்கால் வலியால் போகவில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டிருந்தேன்.

டாக்டர் சிவப்பு ஃபைலை எடுத்தார். நீர் மாத்திரை இரண்டு வேளை, இரண்டாவது வேளையை நாங்கள் இரவு எட்டு மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். "காலை, இரவு" என்று எல்லா மாத்திரையையும் போல அதையும் போட்டுவிட்டேன். அதை மதியத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான். முதல் வாரத்திலேயே நான்கு தடவை ஒன்றானது. புது மருந்து ஒன்றும் இல்லை, செலவில்லை. இருட்டில் தடுமாறி விழும் ஆபத்தும் குறைந்தது. ஆறு வருடமாக எந்த டாக்டரிடமும் இதை அம்மா சொல்லவில்லை, சொல்லும்படி யாரும் கேட்கவில்லை.

2009இல் கார்ல் மே, விக்டர் மொன்டோரி, ஃபிரான்சிஸ் மேர் மூவரும் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குப் பக்கத்தில் வரும் யோசனை இருக்கிறது. நோயாளியின் வாழ்க்கையை முடிந்தவரை கலைக்காத மருத்துவம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். நோய் ஒரு சுமை என்றால் சிகிச்சையும் ஒரு சுமை, இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு மனிதர் சுமக்கிறார் என்று கணக்கில் எடுக்கச் சொன்னார்கள். வீட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். வாரத்தில் எத்தனை மணி நேரம் காத்திருப்பு அறைகளில் போகிறது என்று நாங்கள் எண்ணியதே இல்லை.

அப்புறம் மருந்துகளைக் களையெடுத்தார். இதை நான்கு மாதம் நிதானமாகச் செய்தார், ஒவ்வொன்றாக, எதையும் திடீரென்று நிறுத்தாமல், அந்தந்த டாக்டரிடம் பேசிவிட்டு. கிளிபென்கிளமைடு ஆஸ்பத்திரியிலேயே போயிருந்தது. மெட்ஃபார்மின், இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே வந்தால் கொடுக்கக் கூடாத சர்க்கரை மருந்து, அதுவும் போனது. பதிலுக்கு லினாக்ளிப்டின், சிறுநீரகத்தை நம்பாமல் பெரும்பாலும் பித்தம், குடல் வழியாக வெளியேறுவது, சிறுநீரக பலவீனத்துக்காக டோஸைக் குறைக்கத் தேவையில்லாதது. வலி மாத்திரை நின்றது. முழங்காலுக்கு மேலே பூசும் மருந்தும், தொடைத் தசையை வலுப்படுத்தும் சின்னப் பயிற்சியும் வந்தன. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பத்து எண்ணும் பயிற்சி. அம்மா அதை எண்களுக்குப் பதிலாகத் தன் அக்கா தங்கைகள் பேரைச் சொல்லிச் செய்வாள்.

மெட்ஃபார்மினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கு உதவும். அம்மாவுக்குப் பாத எரிச்சல் இரண்டு வருடமாக இருந்தது. சர்க்கரையால் வந்த நரம்புத் தளர்ச்சி என்றே விட்டுவிட்டோம். மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அந்தக் குறைபாடும் இதே எரிச்சலையும் மரமரப்பையும் கொடுக்கும். பார்த்தால் குறைவாகவே இருந்தது. ஊசி போட்ட பிறகு எரிச்சல் முழுசாகப் போகவில்லை, ஆனால் போர்வை பட்டால் துடித்தது நின்றுவிட்டது. சர்க்கரை இருப்பவர்களுக்கு எது வந்தாலும் சர்க்கரைதான் காரணம் என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது, ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது.

சேர்த்த மருந்து ஒன்று உண்டு. அதைச் சேர்க்கும்போது டாக்டர் மூன்று ஃபைலிலும் அதன் பெயரை எழுதினார். எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் என்ற வகை. ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருள்தான் இந்த வகைக்கு முன்னோடி. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதற்காக வந்த மருந்து, 2015இல் வெளியான எம்ப்பா ரெக் ஆய்வில் இதய மரணங்களைக் குறைப்பது தெரிந்தது. பிறகு இதயச் செயலிழப்புக்கும், சிறுநீரகம் மேலும் கெடுவதைத் தாமதப்படுத்தவும் கொடுக்கத் தொடங்கினார்கள். அம்மாவின் சிறுநீரக நிலையில் அது சர்க்கரையைப் பெரிதாகக் குறைக்காது, ஆனால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் துணை நிற்கும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதை டாக்டர் கூச்சப்படாமல் அம்மாவிடமே விளக்கினார். வாந்தி பேதி வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதையும் சொன்னார். இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோ அமிலம் சேர்ந்துவிடும் ஆபத்து அரிதாக உண்டு.

வாந்தி பேதி நாளுக்கென்று அவர் ஒரு தனிப் பக்கமே எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தை அலமாரிக் கதவின் உள்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். உடம்பில் நீர் வற்றும் நாளில் எந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும், எத்தனை மணி நேரம் பொறுக்கலாம், எப்போது கிளம்பி வர வேண்டும், சரியானதும் எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று பெயர் போட்டு இருக்கிறது. நீர் மாத்திரை, ராமிப்ரில், எஸ்ஜிஎல்டி2 மூன்றும் அதில் உண்டு. இது ஆளுக்கு ஆள் மாறும். இன்சுலின் போடுபவர்கள் சாப்பிட முடியவில்லை என்று தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள் ஒருநாளும் கூடாது. உங்கள் வீட்டிலும் ஒருவருக்குச் சர்க்கரையோடு இதயமோ சிறுநீரகமோ சேர்ந்திருந்தால், அடுத்த முறை போகும்போது இந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நல்ல நாளில் கேட்டால் நிதானமாக எழுதித் தருவார்கள்.

இரண்டு வாரம் கையில், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் ஒரு சென்சாரும் ஒட்டினோம். அதில் வந்த கோட்டைப் பார்த்துத்தான் அம்மாவின் பயம் தெளிந்தது. இரவு முழுவதும் 110க்கும் 160க்கும் இடையே சமமாக ஓடிய கோடு. "இதுதான் நீங்க தூங்கினது" என்று டாக்டர் அந்தக் கோட்டைக் காட்டினார். அம்மா அதன் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள், விடியற்காலை நான்கு மணி வரைக்கும். அன்றிலிருந்து படுக்கும் முன் இனிப்பு சாப்பிடுவது நின்றது.

பார்த்துக்கொள்பவர்களைப் பற்றியும் கொஞ்சம். அந்த விடியற்காலைக்குப் பிறகு ஆறேழு மாதம் நான் அலாரம் இல்லாமலே மூன்றே முக்காலுக்கு விழித்தேன். எழுந்து தலையணையைத் தொட்டுப் பார்ப்பேன். என் இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது, அதை நான் பார்த்துக்கொள்ளவில்லை. தம்பி மாதம் இரண்டு வார இறுதி வந்து தங்குவது என்று ஏற்பாடு செய்துகொண்டபோது, அவன் இரவில் எழுந்திருப்பானா என்று கவலைப்பட்டேன். எழுந்தான். மாத்திரையைப் பிரித்துப் போடுவதில் என்னைவிட அவன் நிதானம். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, ஏழு நாள் டப்பாவை அம்மாவும் அவனும் சேர்ந்து நிரப்புகிறார்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று அவன் கேட்பான், அம்மா சொல்வாள். இப்போது ஏழு மாத்திரைகள். ஏழுக்கும் அவளுக்குக் காரணம் தெரியும்.

அம்மாவின் ஹெச்பிஏ1சி இப்போது 7.7. இஜிஎஃப்ஆர் 34க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. பழைய 46 திரும்பவில்லை, திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, வாரத்தில் நான்கைந்து நாள் மாடிக்குப் போகிறாள்.

ஃபைல்கள் ஐந்தும் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் எந்த டாக்டரிடம் போனாலும் கொண்டுபோவது ஒரே ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் எல்லா நோயும், எல்லா மருந்தும், டோஸும், கடைசி இஜிஎஃப்ஆரும். அதற்குப் பின்னால் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பக்கம், கேட்க வேண்டிய கேள்விகளோடு. கேள்விகளை இதுவரை நான்தான் எழுதி வந்தேன்.

போன மாதம் பொது மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தோம். நோட்டைத் திறந்தால் என் எழுத்துக்குக் கீழே அம்மாவின் எழுத்து, கொஞ்சம் நடுங்கி, கோட்டை விட்டு இறங்கி: "கண்ணுக்குச் சொட்டு விடுகிறோமே, அதற்கும் நெஞ்சு மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டா? சொட்டு விட்ட அன்று தலை கிறுகிறுக்கிறது."

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். கண் அழுத்தத்துக்காக வெள்ளை ஃபைலில் எழுதியிருந்த சொட்டு மருந்து டிமோலால். அதுவும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்டாலும் கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும், தாழ்சர்க்கரையின் அறிகுறியை மறைக்கும். நாங்கள் யாரும் அதை ஒரு மருந்தாகவே எண்ணி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். 52. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்தில் எட்டாவது மருந்தாக டிமோலால் என்று எழுதிவிட்டு, கண் டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தார்.